தன்னைத் தானே புதுப்பிக்கும் தோல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் நம் முன்னோர். ஆயினும் முகத்தில் ஒரு பரு தோன்றிவிட்டால் நாம் கண்ணாடியை விட்டு அகல்வதில்லை! தோலை இளமையாக்கும் சிகிச்சைகள் பற்றிய விளம்பரங்களையும் இன்று எங்கும் காண்கிறோம். அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று சற்று ஆராய்வோமா?

நமது தோலில் மேல்தோல், உள்தோல் என இரு முக்கிய அடுக்குகள் உள்ளன. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் படிப்படியாக மேலேறி, ஏறத்தாழ 4 வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன. உள்தோலில் கொலாஜன் என்னும் புரத நார்கள், கட்டிலில் பின்னிய கயிறு போலத் தோலைத் தாங்குகின்றன. வயது ஏறுவதாலும், வெயிலின் புற ஊதாக் கதிர்களாலும் இந்தக் கயிறு தளர்கிறது. அப்போது சுருக்கம் விழுகிறது.

காயம் பட்டால் என்ன நடக்கிறது? இரத்தத் தட்டணுக்கள் அங்கே கூடி, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. உடனே உள்தோல் செல்கள் புதிய கொலாஜனை உண்டாக்கத் தொடங்குகின்றன. இந்த இயல்பையே மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். நுண்ணிய ஊசிகளால் தோலில் சிறு துளைகள் இடுவது ஒரு முறை. நம் இரத்தத்தையே சிறிது எடுத்து, கருவியில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துத் தோலில் செலுத்துவது மற்றொரு முறை. பருத் தழும்புகளின் பள்ளம் இவற்றால் ஓரளவு குறைகிறது. ஆக, தோலை வளர்ப்பது ஊசியன்று, நம் உடலேதான்.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இவ்வித இரத்தச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. கிருமி தொற்றியது 2018ஆம் ஆண்டில் வெளிப்படத் தொடங்கியது. அழகை நாடிச் சென்றவர்கள் நோயைப் பெற்றது எத்தனை கொடுமை!

தோலின் இந்த ஆற்றல் உயிரையும் காத்திருக்கிறது. ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் என்னும் அறிஞர்கள் மனிதனின் மேல்தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை 1975இல் வெளியிட்டனர். 1983இல், உடலில் 95 சதவீதத்திற்கு மேல் தீக்காயமடைந்த இரு சிறுவர்கள் பாஸ்டன் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எஞ்சியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து மெல்லிய தாள்களாகத் தோல் வளர்த்து, அவர்கள் உடலில் ஏறத்தாழப் பாதியை மூடினர் மருத்துவர்கள். இருவரும் பிழைத்தனர்!

தோழியரே, பருவைக் கிள்ளாதிருப்போம். கடும் வெயிலில் குடை பிடிப்போம். தழும்பு உறுத்தினால் விளம்பரத்தை நம்பாமல் தோல் மருத்துவரிடம் பெற்றோருடன் செல்வோம். தீக்காயத் தழும்புள்ள ஒருவரைக் கண்டால் முகம் சுளிக்காமல் பேசுவோம். ஏனெனில் அத்தழும்பு, தோல் போராடி வென்றதன் அடையாளம் அல்லவா?