நாற்பதைத் தாண்டினால் டபுள் கிளிக் ஏன் தடுமாறுகிறது?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ மவுசைப் பிடித்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. "ஒரு ஐகானைக் கிளிக் செய்ய இவ்வளவு நேரமா?" என்று மவுசைப் பிடுங்கிக் கொள்பவர்களும் உண்டு. பெரும்பாலும் கையில் கோளாறு எதுவும் இருக்காது. கையை இயக்கும் மூளைதான் தன் வேலை முறையை மெல்ல மாற்றிக் கொண்டிருக்கிறது.

மவுஸ் பாயின்டரை ஐகானுக்குக் கொண்டு செல்லும்போது முதலில் இலக்கை நோக்கி ஒரு பெரிய வீச்சு. பிறகு கண் பார்த்துச் சொல்லச் சொல்ல சின்னச் சின்னத் திருத்தங்கள். இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருந்தால் நேரம் கூடும் என்பதற்கு 1954-ல் பால் ஃபிட்ஸ் ஒரு சூத்திரமே கொடுத்தார். வயது ஏறும்போது முதல் வீச்சு குறைந்த தூரத்திலேயே நின்றுவிடுகிறது. திருத்தங்கள் அதிகமாகின்றன.

வலது கையை முக்கியமாக இயக்குவது மூளையின் இடது பக்கம். இளவயதில் ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கத்தை அடக்கி வைக்கிறது. இரண்டையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றை வழியாக இது நடக்கிறது. வயது ஏற ஏற இந்த அடக்கம் தளர்ந்து, ஒரு கை வேலைக்கு இரு பக்கமும் இயங்குகின்றன. இது மூளை செய்து கொள்ளும் மாற்று ஏற்பாடா, கட்டுப்பாடு தளர்ந்ததன் அடையாளமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

மவுசைப் பிடுங்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் விளையாடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரை வைத்து, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திரையில் பார்த்ததற்கும் கை செயல்பட்டதற்கும் இடையிலான நேரம் 24 வயதிலிருந்தே கூடத் தொடங்குகிறதாம். (நானும் அந்த வயதைத் தாண்டியவன்தான்!)

ஆனால் அனுபவம் இதை ஈடுகட்டும். 19 முதல் 72 வயது வரையிலான டைப்பிஸ்டுகளை திமோதி சால்ட்ஹவுஸ் 1984-ல் ஆராய்ந்தார். வயதானவர்களின் விரல் தட்டும் வேகம் குறைந்திருந்தது, டைப்பிங் வேகமோ குறையவில்லை. அடுத்து வரும் எழுத்துகளை அவர்கள் கூடுதல் தூரம் முன்பே பார்த்துக் கொண்டார்கள்.

விண்டோஸில் இரண்டு கிளிக்குகளுக்கு இடையே வழக்கமாக அரை விநாடிதான் அவகாசம். நடுவில் பாயின்டர் சற்று நகர்ந்தாலும் அது டபுள் கிளிக் ஆகாது. கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்து, பட்டன்ஸ் டேபில் டபுள் கிளிக் ஸ்பீடு ஸ்லைடரை ஸ்லோ பக்கம் நகர்த்துங்கள். அங்கேயே உள்ள கிளிக்லாக்கை டிக் செய்தால், டிராக் செய்யும்போது பட்டனை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை. டபுள் கிளிக்கே வேண்டாம் என்றால், ஐகானை ஒருமுறை கிளிக் செய்து என்டர் கீயைத் தட்டினால் போதும், ஃபைல் திறந்துவிடும்.

மடியில் சும்மா வைத்திருக்கும்போதே கை நடுங்கினால் மட்டும் செட்டிங்ஸை மாற்றிப் பார்த்துக் கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.