சேற்றுமுனையில் ஒரு மாலை

மலாய் மொழியில் 'குவாலா' என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சென்று சேரும் வாயையும், 'லும்பூர்' என்பது சேற்றையும் குறிப்பதால், கோலாலம்பூர் என்னும் பெயரே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் கலங்கல் முனையைச் சுட்டுகிறது. ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல், செங்கல்லும் வெண்சாந்தும் மாறிமாறி வரும் பட்டைகளோடு அங்கேதான் நிற்கிறது. நெடுங்காலம் நகரம் முதுகு காட்டியிருந்த இக்கரைகளை 'ரிவர் ஆஃப் லைஃப்' என்னும் அரசுத் திட்டம் நடைபாதையும் இருக்கைகளும் கொண்ட பொதுவெளியாக்கியது. 2017இல் திறக்கப்பட்ட 'கோலாம் பிரு', அதாவது நீலக்குளம், என்னும் பகுதியில் இரவில் நீல ஒளியும் செயற்கை மூடுபனியும் நீர்மேல் படர்கின்றன. ஒளி நீலமாயினும் நீர் பெரும்பாலும் பழுப்பே. பெயருக்கு ஆறு இன்னும் உண்மையாக இருக்கிறது.

நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சோறு உண்டவர், கேஎல் சென்ட்ரலில் இலகு ரயிலேறினால் இரண்டாம் நிறுத்தமான மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கிவிடலாம். ஆயினும் நண்பகல் வெயிலைத் தவிர்த்து, ஐந்து மணிக்குமேல் வந்து, 1897இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் மாளிகையின் மணிக்கூண்டைப் பார்த்தவாறு விளக்கேறும்வரை கரையில் அமர்ந்திருப்பதே சுகம். சுற்றிலும் தெரியும் கான்கிரீட் கரைச்சுவர்கள் அழகுக்காக எழுந்தவையல்ல. 1926, 1971ஆம் ஆண்டுப் பெருவெள்ளங்களைக் கண்ட நகரம் இது.