பாரிஸ் நகரத்துச் சுவரொட்டிகள்

சித்திரம் என்பது ஒருவர் தனித்திருந்து தீட்டுவது என்றும், அதன் மூலையில் அவருடைய கையொப்பம் இருந்தே தீரவேண்டும் என்றும் எண்ணிப் பழகியவர்களுக்கு, 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில், மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்து பிரான்ஸ் தேசத்தையே ஸ்தம்பிக்கச் செய்திருந்த வேளையில், பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் நடந்த காரியம் விசித்திரமாகவே தோன்றும். கல்லூரியைத் தம் வசமாக்கிக்கொண்ட மாணவர்களும் ஓவியர்களும் அங்கே 'மக்கள் பட்டறை' ஒன்றை நிறுவினார்கள்.

முதல் சுவரொட்டியைக் கல்லச்சில் எடுத்தார்கள். கிடைத்தவை 30 பிரதிகள். நகரத்துச் சுவர்களுக்கு அது எம்மாத்திரம்? அப்போது கீ த ரூஜ்மோன் என்ற ஓவியர் பட்டுத்திரை அச்சு முறையை அறிமுகம் செய்தார்.

மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டி, மை இறங்கவேண்டாத இடங்களின் கண்களையெல்லாம் அடைத்துவிட்டு, சட்டத்தைக் காகிதத்தின் மேல் கிடத்தி, ஓரத்தில் கெட்டியான மையை வார்த்து, ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுத்தால், அடைபடாத கண்களின் வழியே மட்டும் மை இறங்கி உருவம் பதிந்துவிடும். பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. தூரிகை பிடித்தறியாதவரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். வர்ணத்துக்கு ஒரு சட்டம் வேண்டுமாதலால், பெரும்பாலான சுவரொட்டிகள் ஒரே வர்ணத்தோடு நின்றன. வேலைநிறுத்தம் செய்த பத்திரிகை அச்சகத் தொழிலாளர்கள் காகித உருளைகளின் மிச்சத்தைக் கொடுத்து உதவினார்கள்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது அவர்களுடைய பொதுச்சபைதான். மாதிரிச் சித்திரங்களை எல்லோர் முன்னிலையிலும் வைத்து, கருத்து சரியானதா, சித்திரம் அதைத் தெளிவாக உணர்த்துகிறதா என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டு, விவாதித்து, திருத்தி, பிறகே அச்சுக்கு அனுப்பினார்கள். எதிலும் எவர் பெயரும் இல்லை. 'போராட்டம் தொடர்கிறது' என்ற சுவரொட்டியில், ஆலையின் நிழலுருவத்திலிருந்து எழும் புகைபோக்கியே முறுக்கிய முஷ்டியாக முடிகிறது. பிரெஞ்சு மொழி அறியாதவருக்கும் அதன் பொருள் விளங்கும்.

ஜூன் 27-ஆம் தேதி போலீஸார் கல்லூரியிலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். இச்சுவரொட்டிகளை அலங்காரமாக மாட்டிவைப்பது தகாது, தெருவும் ஆலைச் சுவருமே அவற்றுக்குரிய இடங்கள் என்று பட்டறையினர் பின்னர் எழுதினார்கள். காட்சிசாலைகள் காத்துவைத்ததனாலேயே இன்று நாம் அவற்றைக் காண்கிறோமென்றாலும், அவர்கள் சொன்னது நியாயமென்றே கருதுகிறேன். அந்தத் தடித்த எழுத்துக்களும் ஒற்றை வர்ணமும் தெருவின் எதிர்ப்புறத்தில் விரைந்து நடப்பவரின் கண்ணுக்கென்றே அமைக்கப்பட்டவை.