இரண்டே ஆசனங்கள்

இளமையில் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை முதியவர்கள் நினைந்து உருகுவதற்கு அதன் வேகமே காரணமென நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை உருவான எம். ஜி. ரீ. சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 54 குதிரைவலுவே. கதவுகளிற் கண்ணாடியில்லை, மழை வந்தாற் கித்தான் கூரையை இழுத்து மூடவேண்டும். எனினும், சுமார் 10,000 வண்டிகள் உருவாயின. போர் முடிந்து நாடு திரும்பிய அமெரிக்க வீரர் சிலரும் அதனை உடன்கொண்டு சென்றனர்.

ஆனால், ஆசனங்கள் இரண்டே! மூன்றாமவராகக் குழந்தை பிறந்ததும் அத்தகைய வண்டியை விற்றுவிட்ட தந்தையர் பலர். அவர்தம் நினைவில் இனிப்பது வேகமன்று. மனமுவந்து விட்டுக்கொடுத்த இளமையே.

நம் வீட்டிலும் தந்தையார் தாம் விற்ற பழைய வண்டியைப்பற்றிப் பேசத் தொடங்கினால், பிள்ளைகள் சலிப்பின்றிக் கேட்கட்டும். அதனை யாருக்காக விற்றார் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.