பொருக்கின் பொய்ப் புகழ்

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட தம் மகனுடைய புண்ணைக் காற்றாடத் திறந்துவிட்டால்தான் அது காய்ந்து ஆறும் என்று தம் தாயார் சொல்வதாகவும், மூடிக் கட்டியே தீர வேண்டும் என்று தம் மனைவி வாதிப்பதாகவும், இவ்விருவரில் யார் கட்சி விஞ்ஞானத்துக்கு உகந்தது என்று தீர்ப்புக் கூறுமாறும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாமியார் மருமகள் வழக்கில் தலையிடும் துணிவு எனக்கு இல்லை. ஆயினும் புண்ணை மட்டும் பற்றிய வரையில் மருமகளின் கட்சியே பலமானது என்பதையும், அந்தப் பலத்துக்குக் காரணமாகத் தோலில் நடைபெறும் காரியம் வெகு ரசமானது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சைக்கிள் விபத்தில் ஏற்படும் காயங்களில் அநேகம் வெட்டுக்காயங்கள் அல்ல; தாரோ சரளையோ தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்துவிட, நீர் கசிந்து, ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும் அகலமான சிராய்ப்புகள். 2021ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாளன்று, தொலைக்காட்சிக் காமிராவில் தெரிய வேண்டும் என்ற ஆசையால் சாலைக்குள் அட்டையை நீட்டி நின்ற ஒரு பார்வையாளரின் மேல் வீரர் ஒருவர் மோத, பின்னால் வந்த பெருங்கூட்டமே சரிந்து விழுந்ததை உலகம் பார்த்தது; விழுந்தவர்களில் பலர் கிழிந்த சட்டையும் சிவந்த தொடையுமாக மறுபடி ஏறி மிதித்தார்கள். அத்தகைய வீரர்களுக்குப் பந்தய டாக்டர் ஓடும் காரிலிருந்தபடியே கை நீட்டி மருந்திடுவது அங்கே சாதாரணக் காட்சி. அவர்கள் கால்களை வழுவழுவென்று சிரைத்துக்கொள்வதற்கு, காயத்தைக் கழுவவும் கட்டைப் பிரிக்கவும் ரோமம் இடைஞ்சலாக இருக்கும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். பாதிக் காரணம் அலங்காரப் பிரியம் என்பது என் அபிப்பிராயம். எப்படியிருந்தாலும், சிரைப்பதனால் போவது ரோமத்தின் தண்டுதானே தவிர அது முளைத்த குழி அல்ல என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். புண் ஆறும் விஷயத்தில் பெரும்பங்கு அந்தக் குழியுடையது.

தோல் உரிந்த இடத்தை முதலில் மூட வருபவை அங்கே புதிதாகப் பிறக்கும் உயிரணுக்கள் அல்ல, அண்டையில் ஏற்கனவே குடியிருந்தவை. விழுந்து ஒரு நாள் கழிவதற்குள், காயத்தின் விளிம்பிலுள்ள மேல்தோல் உயிரணுக்கள் தம்மை அடித்தளத்தோடு பிணைத்திருந்த முடிச்சுகளைத் தளர்த்திக்கொண்டு, தட்டையாகி, முன்புறம் மெல்லிய இதழ் ஒன்றை நீட்டி நிலத்தைப் பற்றி, பின்புறத்தை இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஊரத் தொடங்குகின்றன. ஊரும்போது அவை பெரும்பாலும் பிளந்து பெருகுவதில்லை. அந்த வேலையைப் பின்வரிசையில் நிற்பவை கவனித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஊர்தலின் வேகம் நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிராய்ப்பில் விளிம்பிலிருந்து நடுவிடம் ஐம்பது மில்லிமீட்டர் தொலைவு. அப்படியானால் அது மூடுவதற்கு நூறு நாள் ஆக வேண்டும். ஆனால் மேலோட்டமான சிராய்ப்பு இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடுவதை நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோமே, கணக்கு எங்கே பிசகுகிறது? ரோமக் குழிகளிலும் வியர்வைச் சுரப்பிகளிலுமே விடை இருக்கிறது. அவை தோலின் ஆழத்துக்கு இறங்கியிருப்பதனால் தார்ச்சாலையின் தேய்ப்புக்குத் தப்பி நிற்கின்றன. அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள் மேலே ஏறி வந்து, புண்ணின் நடுவிலேயே ஆங்காங்கே சிறு திட்டுகளாகப் பரவி, ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்கின்றன. ரோமமே இல்லாத உள்ளங்கை, விழும்போது ஊன்றித் தேய்ந்துபோனாலும் நன்றாகவே ஆறுவதற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நெருங்கி அமைந்துள்ள நூற்றுக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள்தாம்.

வீட்டுக் கொல்லையில் அருகம்புல் படர்ந்த இடத்தை மண்வெட்டியால் மேலாகச் செதுக்கிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓரத்துப் புல் கொடியோடி உள்ளே வருவது ஒருபுறம் இருக்க, செதுக்கிய பரப்பின் நடுவிலேயே மண்ணுக்குள் தப்பிய கணுக்கள் துளிர்த்துத் திட்டுத் திட்டாகப் பசுமை காட்டி, நாலைந்து மழைக்குள் இடம் முழுவதையும் மூடிவிடும். மண்ணில் ஈரம் உள்ளவரை கொடி தரையின் மேலேயே தவழ்ந்து செல்லும். வெயிலில் மேல்மண் காய்ந்து இறுகி வெடித்துவிட்டால், ஈரத்தைத் தேடிக் கீழே புகுந்து, இறுகிய அந்த மண்ணுக்கு அடியில் முட்டி மோதித்தான் வழி காண வேண்டும். இதே நியாயத்தில், பொருக்கைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கும் சிறுவன் துளிரை மேயும் ஆடு என்றும், வண்ண விளம்பரத்தோடு களிம்பு விற்பவர் தாமாக முளைக்கும் புல்லுக்கு உரம் விற்கும் வியாபாரி என்றும், கட்டை மூன்று நாள் பிரிக்காமல் விட்டு ஊறவைப்பவர் வாய்க்காலை அடைக்க மறந்து கொல்லையைக் குளமாக்கிய தோட்டக்காரர் என்றும் நான் விரித்துக்கொண்டே போகலாம். போனால் உவமை அறுந்துவிடும் என்பதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

உண்மையில் அது ஏற்கனவே அறுந்துதான் இருக்கிறது, ஏனெனில் புல்லுக்குத் தெரியாத இரண்டு வித்தைகள் இந்த உயிரணுக்களுக்குத் தெரியும். ஒன்று, எதிரே வரும் இனத்தைத் தொட்ட மாத்திரத்தில் நின்றுவிடுவது. மற்றது, வழியில் தடையிருந்தால் அதைக் கரைத்துக்கொண்டு முன்னேறுவது. திறந்துவிடப்பட்ட சிராய்ப்பில் கசிந்த நீரும் ரத்தமும் மட்டும் காய்வதில்லை. அவற்றின் அடியிலுள்ள உட்தோலின் மேற்படலமும் சேர்ந்து காய்ந்து செத்து, மூன்றும் ஒட்டிக்கொண்டு பொருக்காகின்றன. ஊர்ந்து வரும் உயிரணுக்கள் அந்தச் செத்த படலத்துக்கும் கீழே உள்ள உயிருள்ள பகுதிக்கும் நடுவே புகுந்து, கொலாஜினேஸ் என்னும் நொதியைச் சுரந்து, இடையிலுள்ள கொலாஜன் நார்களை அறுத்து அறுத்து வழி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. புண் ஈரமாக மூடப்பட்டிருந்தாலோ, இந்த வெட்டுவேலை சொற்பம்; அவை நேராக மேற்பரப்பிலேயே தவழ்ந்து விடுகின்றன. பொருக்கு இயற்கை கட்டிய கட்டு என்பது மெய். ஆனால் வேறு எதுவும் கிடைக்காத காட்டு விலங்குக்கு இயற்கை கட்டிய கட்டு அது. அதன் வருகையை ஆறுதலின் அடையாளமாகக் கொண்டாடுவது, தாமதத்தின் காரணத்தையே கொண்டாடுவதாகும்.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்காவிட்டால் பத்திரிகாசிரியர் விடமாட்டார். பண்டைய எகிப்தியர் காயத்தில் தேனும் கொழுப்பும் பூசினார்கள். சுசுருதர் புண்ணுக்கு அறுபது வகை உபசாரங்கள் வகுத்தார். 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காத்த முறையை வெளியிட்டார். லிஸ்டர் கிருமியைக் கொல்லச் சொன்னாரே தவிரக் காயவைக்கச் சொன்னதில்லை. உலகம் ஏனோ இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேயர், இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைச் சாதாரண பாலித்தீன் தாளால் மூடி, மூடியவை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் புதுத்தோல் பெற்றதை ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவித்தார். மறு வருஷமே மனிதர்களிடமும் இது சோதிக்கப்பட்டு உறுதியாயிற்று. சரித்திரம் போதும்.

ஈரத்தில் கிருமி பெருகாதோ என்று தாயார் கேட்பார்கள்; நியாயமான கேள்விதான். வெளியிலிருந்து வரும் கிருமியை மூடிய கட்டு தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் ஈரத்தில் உயிரோடு நடமாடுகின்றன, வறட்சியில் மடிந்துபோகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 1990இல் வெளியான கணக்கின்படி, காற்றுப் புகாமல் மூடிய காயங்களில் நூற்றுக்கு 2.6 வீதமும், வழக்கமான துணிக்கட்டிட்டவற்றில் 7.1 வீதமும் சீழ்ப்பிடித்தன. ஆனால் ஈரம் வேறு, ஊறல் வேறு. நம் ஊர் வியர்வையில் கட்டின் அடியில் சுற்றுத்தோல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அறிந்து, கட்டை மாற்றிவிட வேண்டும்.

உயிரணுக்களுக்குத் திசை எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு விசித்திரமான விடையும் உண்டு. நம் தோலின் இரு பக்கங்களுக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் அது கசிகிறது. 1843இலேயே எமில் டூ போய்ஸ்-ரேமண்ட் தம் விரல் காயத்திலிருந்து இந்த மின்னோட்டத்தை அளந்தார். சோதனைத் தட்டில் மேல்தோல் உயிரணுக்கள் எதிர்மின்முனையை நோக்கி ஊர்வது கண்கூடு, காயத்தின் நடுவிடமோ அந்த முனையாக அமைகிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான், மின்சாரக் கட்டு, உணர்கருவி பதித்த கட்டு என்று வாரம் ஒரு செய்தி பத்திரிகைகளில் வருகிறது. சோதனைத் தட்டிலும் எலியின் முதுகிலும் நடப்பது மனிதன் முழங்காலிலும் அதே அளவில் நடக்கும் என்று நிரூபிக்கும்வரை, ஆரோக்கியமான சிறுவனின் சிராய்ப்புக்கு அத்தகைய கட்டு வாங்குவது பணத்தை விரயம் செய்வதே. அந்த மின்னோட்டம் பாய ஈரம் வேண்டும். ஈரத்தை மருந்துக் கடையில் கிடைக்கும் மலிவான பாரபின் காஸே காப்பாற்றிவிடுகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம், இடையிடையே எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு குடிக்கத் தகுந்த தண்ணீரைக் குழாயிலிருந்து தாராளமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். இதற்கு மருத்துவமனை உப்புநீர்தான் வேண்டும் என்பதில்லை. பையன் அலறினாலும் மணலையும் தார்த்துகளையும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தெடுத்துவிட வேண்டும். விட்டால் புதுத்தோல் அவற்றின் மேல் மூடிக்கொண்டு, பச்சை குத்தியதுபோல் கருநீலப் புள்ளிகள் ஆயுள் முழுவதும் நிற்கும். அதன்மேல் வாஸலினோ பாரபின் காஸோ, அதற்கு மேல் உலர்ந்த காஸ், அதற்கு மேல் சுருள் கட்டு. நாள்தோறும் மாற்றும்போது ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் விட்டு நனைத்து எடுக்க வேண்டும், பிய்த்தால் அன்றைய புதுத்தோலும் கூடவே வந்துவிடும்.

செய்யக்கூடாதவை இதைவிட நீளமானவை. ஸ்பிரிட், டெட்டால், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகியவை கிருமிக்கும் நம் உயிரணுவுக்கும் பேதம் பார்ப்பதில்லை. அடுப்பங்கரை மஞ்சள்தூளும் காபித்தூளும் சுண்ணாம்பும், மறுநாள் டாக்டர் கழுவி எடுக்கவேண்டிய குப்பையைத் தவிர வேறொன்றுமில்லை. கடையில் கேட்டு வாங்கித் தூவும் ஆன்டிபயாடிக் பவுடர், கசிவை உறிஞ்சிப் புண்ணை வறளச் செய்து கட்டி தட்டுகிறது. அதிலுள்ள நியோமைசின் சிலருக்குத் தோல் அரிப்பையும் உண்டாக்குகிறது. வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைப் பிழியச் சொல்லும் பெரியவர்கள் அதை ஆதிகாலத்து வைத்தியம் என்பார்கள். செடியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே களையாகப் பரவியது. அதன் குணம் எதுவாயினும், தெருவோரத்து இலையோடு மண்ணும், மண்ணோடு டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் வரும்.

டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீறல் ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டுக்கொள்வது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது. சிறுவயதுத் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டவருக்கு, காயம் அழுக்கடைந்ததாயின் கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மட்டும், சுத்தமான சிறு காயமாயின் பத்து வருஷம் ஆகியிருந்தால் மட்டும் மறு ஊசி தேவைப்படும். எப்போது போட்டோம் என்பதே தெரியாதவர் டாக்டரைக் கேட்பது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களின் கால் காயத்துக்கும், கொழுப்புத் தெரியுமளவு ஆழமான காயத்துக்கும், நாளாக ஆக வலியும் சிவப்பும் பரவுகிற காயத்துக்கும் இந்த வீட்டு வைத்தியம் பொருந்தாது. டாக்டர்தான் பார்க்க வேண்டும். பின்இருக்கையில் அமர்ந்த குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளில் சிக்கினால், முதல் நாள் சாதாரணக் கீறலாகத் தோன்றும் தோல், நசுங்கிப் போன காரணத்தால் சில நாளில் கறுத்துச் செத்துப்போவது உண்டு. அதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத காயமே ஆபத்தானது: கீழே விழும் சிறுவனின் வயிற்றில் ஹேண்டில்பாரின் முனை குத்தினால், வெளியே வட்டமான சிறு கன்றலுக்கு மேல் ஒன்றும் தெரியாவிட்டாலும், உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கக்கூடும். ஆகவே முழங்காலைக் கழுவும்போதே சட்டையைத் தூக்கி வயிற்றையும் ஒருமுறை பாருங்கள். அங்கே அந்த வட்டத் தடம் இருந்தாலோ, பிறகு வயிற்றுவலியோ வாந்தியோ தோளில் வலியோ வந்தாலோ, கட்டுப் போடுவதை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.