வீட்டைப் பார்க்கும் முன் புரோக்கரைப் பாருங்கள்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் நம் முன்னோர். மும்பையில் வாழும் நமக்கு இதில் முதல் பாதி சற்று மாறிவிட்டது. இங்கே நாம் வீடு கட்டுவதில்லை. யாரோ கட்டிய ஃப்ளாட்டை வாங்குகிறோம். ஊரில் மேஸ்திரியும் கொத்தனாரும் படுத்தும் பாட்டை இங்கே புரோக்கரும் பில்டரும் சொசைட்டி செயலாளரும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள்.

அதற்குப் போடும் பணம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி, மனைவியின் நகை, ஊரில் விற்ற காணி, மகன் தலையில் இருபது வருடக் கடன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எடுக்கும் முடிவு. ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? வாசல் கிழக்குப் பார்த்ததா, சமையலறை எந்த மூலையில், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், கோயில் பக்கத்தில் இருக்கிறதா என்று வீட்டை ஆறு மாதம் அலசுகிறோம். புரோக்கரை மட்டும் தெருமுனையில் போர்டு மாட்டியிருக்கிறார் என்பதற்காகவே பிடித்துக் கொள்கிறோம். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நல்ல புரோக்கர் கிடைத்துவிட்டால் கெட்ட வீட்டை அவரே தள்ளிவிடுவார்.

நம்ம ஆள் என்பது தகுதி ஆகாது

வெளியூரில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஒரு பலவீனம் உண்டு. தமிழ் பேசுகிறவர் என்றால் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடும். அவர் திருநெல்வேலி என்று சொல்லிவிட்டால் மீதிப் பாதியும் வந்துவிடும். பேசுவதற்குச் சௌகரியம் என்ற அளவில் இதில் தவறில்லை. ஆனால் மொழி ஒன்றாக இருப்பதால் அவருக்குப் பத்திரம் படிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது.

உண்மையில் இங்கே நமக்குத் தேவையான மொழி மராத்தி. பத்திரப் பதிவின் சுருக்கமான 'இண்டெக்ஸ் டூ' மராத்தியில் இருக்கும். நிலத்தின் 7/12 உதாராவும் பிராபர்ட்டி கார்டும் மராத்தியில்தான். நாற்பது வருடம் இங்கே இருந்தும் பஸ் போர்டுக்கு மேல் மராத்தி படிக்காதவர்கள் நம்மில் பலர். அந்தத் தாள்களை வரி வரியாகப் படித்து, "இது யார் பெயர், இது எந்த பாங்கின் அடமானம், இந்தப் பெயர் ஏன் அடிக்கப்படவில்லை" என்று விளக்கத் தெரிந்தவர் எந்த மாநிலத்தவரானாலும் அவரே நமக்கு நம்ம ஆள்.

பாதை தெரிந்தவர்

ரயில்வேயில் ஒரு நடைமுறை உண்டு. எவ்வளவு அனுபவமுள்ள டிரைவரானாலும், புதிய செக்‌ஷனில் எடுத்த எடுப்பில் தனியாக வண்டி ஓட்ட விடமாட்டார்கள். பாதை தெரிந்தவரோடு போய், எங்கே சிக்னல், எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று பார்த்துப் பழகி, 'இந்தப் பாதை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட்ட பிறகே தனியாக அனுப்புவார்கள். முப்பது வருட சர்வீஸ் என்பது வேறு, இந்தப் பாதையை அறிந்திருப்பது வேறு.

புரோக்கருக்கும் இதே அளவுகோல்தான். செம்பூரில் கெட்டிக்காரர் டோம்பிவிலியில் ஒன்றும் தெரியாதவராக இருக்கலாம். ஏனென்றால் இந்த மாநகரில் இடத்துக்கு இடம் சொத்தின் தன்மையே மாறுகிறது. மாட்டுங்கா, தாதர் பக்கம் பழைய கட்டடங்களில் 'பக்டி' முறை இன்றும் உண்டு. அங்கே பெருந்தொகை கொடுத்தாலும் கைக்கு வருவது வாடகை உரிமைதான். கட்டடத்துக்கு உரிமையாளர் வேறொருவர். கைமாற்ற அவர் சம்மதம் வேண்டும். பாங்குக் கடன் கிடைப்பது கடினம். நவி மும்பையில் சிட்கோ பெரும்பாலான மனைகளை 60 வருடக் குத்தகையில் ஒதுக்கியது. அங்கே கைமாற்ற சிட்கோ வழியாக நடக்க வேண்டிய காரியங்கள் தனி. கல்யாண், வசாய் பக்கம் போனால் முதல் கேள்வியே கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி உண்டா என்பதுதான்.

பதில் சொல்ல வேண்டிய ஐந்து கேள்விகள்

புரோக்கரோடு முதல் சந்திப்பில் வீட்டைப் பற்றிப் பேசாமல், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் தெரிய வேண்டும் என்பதில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, இரண்டு நாளில் தாளோடு வருகிறவர் நல்லவர். "ஒரு பிரச்னையும் இல்லை சார்" என்று ஐந்துக்கும் ஒரே பதில் சொல்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்று: 2005 ஜூலை 26 அன்று இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த வட்டாரத்தில் தொழில் செய்பவருக்குக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவா, மீட்டர் பெட்டி மூழ்கியதா என்பது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் வாட்ச்மேனையாவது கேட்டு வருவார். மேல்தளம் ஒழுகுமா, மேற்குச் சுவரில் ஈரம் ஏறுமா, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பவை இதன் துணைக் கேள்விகள்.

இரண்டு: கட்டடத்துக்கு 'ஓ.சி.' எனப்படும் குடியேற்றச் சான்றிதழ் இருக்கிறதா? ஜனங்கள் இருபது வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்பது இதற்குப் பதில் அல்ல. வொர்லியில் கேம்பா கோலா வளாகத்தில் அனுமதியை மீறிக் கட்டிய மாடிகளில் குடும்பங்கள் பல வருடம் வசித்த பிறகுதான், 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது.

மூன்று: முதல் உரிமையாளரிடமிருந்து இன்று விற்பவர் வரை எத்தனை கை மாறியிருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் முத்திரைத் தீர்வை கட்டிய, பதிவு செய்த அசல் பத்திரம் இருக்கிறதா? சொசைட்டியின் ஷேர் சர்டிஃபிகேட் யார் பெயரில்? கட்டடம் நிற்கும் நிலம் சொசைட்டி பெயருக்கு மாறிவிட்டதா, அல்லது இன்னும் பில்டர் பெயரில்தானா? நாளை கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வரும்போது இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

நான்கு: சதுர அடி எந்தக் கணக்கில்? 'சூப்பர் பில்ட்-அப்' என்பதில் லிஃப்டும் மாடிப்படியும்கூட நம் தலையில் ஏறும். சட்டம் ஏற்கும் கணக்கு கார்ப்பெட் ஏரியா. அதாவது வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக, உள்சுவர்கள் சேர்த்து வீட்டுக்குள் புழங்கும் பரப்பு. கையில் ஒரு டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். அளக்கும்போது புரோக்கர் மறுமுனையைப் பிடிக்கிறாரா, முகத்தைச் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள்.

ஐந்து: விலைக்கு மேல் மொத்தச் செலவு என்ன? இதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். உதாரணமாக மும்பை மாநகரில் 90 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக் கொள்வோம். முத்திரைத் தீர்வை மெட்ரோ வரி சேர்த்து 6 சதவீதம்; 5,40,000 ரூபாய். (பெண் பெயரில் மட்டும் வாங்கினால் 1 சதவீதம் குறையும்.) பதிவுக் கட்டணம் 30,000. புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 90,000, அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் அதன் மேல் 16,200. சொசைட்டி மாற்றுக் கட்டணம் அதிகபட்சம் 25,000. ஆக 7,01,200 ரூபாய். வக்கீல் கட்டணமும் பெயிண்ட் செலவும் இதில் சேரவில்லை. பாங்கு விலையில் 80 சதவீதம், 72 லட்சம் கடன் கொடுத்தாலும், மீதி 18 லட்சமும் இந்த ஏழு லட்சமும் நம் கையிலிருந்து வர வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுக் காட்டுகிறவர் நம் மீது அக்கறை உள்ளவர். டோக்கன் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ப்பவர் வேறு ரகம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது 2013 ஜூன் முதல் உள்ள விதி. ஆனால் விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி அதிகம். பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய், ஃப்ளாட்கள் விலைக்கு வரும் இந்தக் காலத்தில், "விற்பவர் எங்கே வசிக்கிறார்?" என்று தானாகவே கேட்கும் புரோக்கர் விஷயம் தெரிந்தவர்.

ஒரு கேள்வி காத்த குடும்பம்

முலுண்டில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடந்தது இது. ஓய்வுபெற்ற கணவன், மனைவி. பிடித்த வீடு கிடைத்தது. விற்பவர் மகன், தாயார் காலமான பின் நாமினி என்ற முறையில் ஷேர் சர்டிஃபிகேட் அவர் பெயருக்கு மாறியிருந்தது. வீட்டைக் காட்டிய புரோக்கர், "பேப்பர் எல்லாம் கிளியர், நாளைக்கே டோக்கன் கொடுங்கள், இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது" என்றார். அந்த அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. அதே வட்டாரத்தில் பல வருடமாகத் தொழில் செய்யும் வேறொரு புரோக்கரிடம், கட்டணம் தருகிறோம் என்று சொல்லித் தாள்களைக் காட்டினார்கள். அவர் குஜராத்தி. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இறந்துபோனவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

மகள் ஒருத்தி கோயம்புத்தூரில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நாமினி என்பவர் சொசைட்டியின் கணக்குக்கு ஒரு பெயர். அதனாலேயே அவர் முழுச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து ரிலீஸ் பத்திரம் பதிவு செய்ய நான்கு மாதம் ஆயிற்று. காத்திருந்ததாகச் சொன்ன 'இன்னொரு பார்ட்டி' வரவே இல்லை. அதே வீடு, அதே விலை. அந்தக் குடும்பம் இன்று நிம்மதியாகக் குடியிருக்கிறது.

பதிவு எண்ணும் அதன் எல்லையும்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பில்டர்களின் பதிவு பெற்ற திட்டங்களில் வீடு விற்றுத்தரும் ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் இதைக் கவனிப்பது மகாரேரா. 2023இல் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்றும் அது உத்தரவிட்டது. ஆகவே பதிவு எண்ணையும் தேர்ச்சிச் சான்றிதழையும் தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். முதலாவது, இந்தப் பதிவுக் கட்டாயம் பில்டர் விற்கும் புதுத் திட்டங்களுக்கானது. பழைய ஃப்ளாட்டைக் கைமாற்றித் தருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், அங்கே நம் விசாரணைதான் துணை. இரண்டாவது, எண் இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது. கல்யாண்-டோம்பிவிலியில் போலி அனுமதித் தாள்களைக் காட்டி மகாரேரா எண் வாங்கிய 65 கட்டடங்களின் கதை நமக்குத் தெரியும். 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. எண்ணைப் பார்த்து நம்பி வாங்கியவர்கள்தான் அங்கே தவித்தார்கள். மகாரேரா எண்ணைச் சொல்வதோடு நிற்காமல், நகராட்சி அலுவலகத்தில் அனுமதியை நேரில் சரிபார்த்து வருகிறவரே தொழில் தெரிந்தவர்.

யார் பணம் கொடுக்கிறார்?

புதுக் கட்டடத்தில் பெரும்பாலும் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் பில்டர். "உங்களிடம் ஒரு பைசா வேண்டாம்" என்று அவர் சொல்வதன் பொருள் இதுதான். சோறு போடுபவர் பக்கம்தான் பேச்சும் சாயும். பழைய ஃப்ளாட்டில் வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கு 1 முதல் 2 சதவீதம் கொடுப்பார்கள். இரு தரப்பிலும் வாங்குகிறாரா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தை எழுத்தில் பேசி, பாதியைப் பத்திரப் பதிவன்றும் பாதியைச் சாவி கைக்கு வந்ததும் தருவதாக வைத்துக் கொள்ளலாம். டோக்கன் பணத்தைச் செக்காகக் கொடுத்து, உரிமையில் குறை தெரிந்தால் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கமிஷனில் பேரம் பேசி பத்தாயிரம் மிச்சம் பிடிப்பதில் நம்மவர்கள் சமர்த்தர்கள். கதவைத் திறந்து காட்டுவதற்கு மட்டும் 90,000 ரூபாய் அதிகம்தான். கையில் உள்ள ஆயுட்காலச் சேமிப்பை "இந்த வீடு வேண்டாம்" என்ற மூன்று சொற்களால் காப்பவருக்கு அது குறைவு.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல புரோக்கரானாலும் தனியாக ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். அந்த வக்கீல் புரோக்கர் சொன்னவராக இருக்க வேண்டாம். நம் சங்கத்தில் அண்மையில் வீடு வாங்கிய குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் காப்பி குடிக்கும்போது அவர்களிடம், "உங்கள் புரோக்கர் எந்த வீட்டை வேண்டாம் என்று சொன்னார்?" என்று கேளுங்கள். அப்படி ஒரு வீட்டைச் சொல்ல முடிந்தவர்களிடம் அந்தப் புரோக்கரின் விலாசத்தை வாங்கிக் கொள்ளுங்கள்.