வீட்டிலா, பள்ளிக்கூடத்திலா? வலது குறைந்த பிள்ளையின் படிப்பைப் பற்றி

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டது. அயல்வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள். நம் பிள்ளை மட்டும் திண்ணையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நடக்க முடியவில்லை. அல்லது பேச்சு வரவில்லை. அல்லது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. “இதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி என்ன செய்கிறது? வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுப்போம்” என்று பெற்றோர் முடிவெடுக்கின்றனர். இடம்பெயர்ந்து தங்கியிருந்த முகாம்களிலும் பின்னர் மீளக் குடியேறிய ஊர்களிலும் நாம் பல வீடுகளில் கேட்ட முடிவு இது.

இந்த முடிவு பிழை என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. சில பிள்ளைகளுக்கு, சில காலத்துக்கு, அதுவே சரியான வழி. ஆனால் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுப்பது வேறு, வீட்டில் வைத்திருப்பது வேறு. நாம் அறிந்த வீடுகள் பலவற்றில் சொல்லிக் கொடுப்பதாகத் தொடங்கிய வேலை, ஓர் ஆண்டு முடிவதற்குள் வெறுமனே வைத்திருப்பதாக மாறிவிட்டிருந்தது. ஒருவரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. தோட்ட வேலையும் கூலி வேலையும் வந்தன, படிப்பு நின்றுபோனது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் விளங்கும். 2008ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள தம் ஊரை விட்டு வெளியேறியவர்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்து, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார்கள். 2012இல் நாம் அங்கே போனபோது தறப்பாள் கூரைக் கொட்டிலில் இருந்தார்கள். மகனுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை வாதம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னியிருந்தன, பேச்சு குழறியது. படிப்பு எப்படி என்று கேட்டோம்.

“அக்காதான் சொல்லிக் குடுக்கிறா, சுவாமி” என்றார் தாய்.

அந்த அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. கொப்பியைக் கொண்டுவரச் சொன்னோம். மூன்று பக்கத்தில் அ, ஆ, இ, ஈ எழுதியிருந்தது. நான்காம் பக்கம் வெறுமை. தாய் வெங்காயம் நடுகைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள், குளிப்பாட்டுகிறாள், கிணற்றடிக்குத் தூக்கிப் போகிறாள். ஏழாம் வகுப்போடு அவளுடைய படிப்பும் நின்றுவிட்டது. நாம் பேசிக்கொண்டிருக்கையில் அந்தச் சிறுவன் கோழிக்கூட்டைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்ல முயன்றான். ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் தமக்கைக்குத்தான் விளங்கியது. கூட்டில் ஒரு கோழி குறைகிறதாம். எண்ணிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி.

எண்ணத் தெரிந்த பிள்ளை அவன். அவனுக்குக் கணக்குப் படிப்பிக்க யாரும் இல்லை.

சட்டம் சொல்வது

1997இல் ஆக்கப்பட்டு 1998 தை மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியின்படி, ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை. 2016இல் இந்த மேல் எல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. 1997இன் விதியிலேயே ஒரு விலக்கும் இருந்தது. பிள்ளையின் கல்விக்குப் போதுமான, பொருத்தமான ஏற்பாட்டைப் பெற்றோர் வேறு வழியில் செய்திருந்தால் அவர்கள் மீது குற்றமில்லை. வீட்டுக் கல்விக்குச் சட்டம் விட்ட வாசல் இதுதான். “போதுமான”, “பொருத்தமான” என்ற இரண்டு சொற்களையும் பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பக்கக் கொப்பி போதுமானதா?

மறுபுறம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைவைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆகவே பள்ளிக்கூடம் உங்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்வது தயவு அல்ல. நடைமுறையில், “மாட்டோம்” என்று யாரும் நேரே சொல்வதில்லை என்பதும் நமக்குத் தெரியும். “இங்கே பார்க்க ஆளில்லை, அடுத்த வருடம் கொண்டுவாருங்கள்” என்பார்கள். அடுத்த வருடமும் அதையே சொல்வார்கள். இரண்டாம் முறை அப்படிச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அலுவலரைச் சந்தியுங்கள். சில சாதாரண பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. உங்கள் வலயத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துபோனதென்று அஞ்சி வீட்டில் இருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பிறப்புப் பதியப்படவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கும் வழியுண்டு.

முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள்

“செல் சத்தத்தில் பயந்த பிள்ளை, அதுதான் பேசுகிறதில்லை” என்று பல தாய்மார் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். பயந்து பேச்சிழந்த பிள்ளைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு சொல்லப்பட்ட சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆண்டுக்கணக்காக அவர்களைப் புத்தி குறைந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆதலால் வீடா, பள்ளிக்கூடமா என்று யோசிப்பதற்கு முன் அரசாங்க வைத்தியசாலையில் பிள்ளையின் கேள்வியையும் பார்வையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் கிராமத்துக் குடும்பநல மாதுவைக் கேளுங்கள்.

காது கேளாத பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாம் என்று நாம் சொல்லமாட்டோம். இதில் நாம் சற்றுக் கடுமையாகவே இருக்கிறோம். பிள்ளைக்கு மொழி வேண்டும். கேட்க முடியாத பிள்ளைக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது; அதை அறிந்தவர்களோடு பழகித்தான் அது வரும். வீட்டில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் காட்டுகிற பத்துப் பதினைந்து சைகைகள் மொழியாகா. நாள் பிந்தப் பிந்த அதைக் கற்பது கடினமாகும். பார்வையற்ற பிள்ளைக்கும் இப்படியே. பிரெய்ல் எழுத்தைத் தொட்டு வாசிக்கப் பழக்க, அதை அறிந்த ஒருவர் வேண்டும். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம், மட்டக்களப்பு தரிசனம் போன்ற இடங்கள் இத்தகைய பிள்ளைகளுக்கானவை.

அங்கே அனுப்பினால் பிள்ளை விடுதியில் தங்க வேண்டிவரும் என்பதுதான் பெற்றோருக்குத் தடை. இதை நாம் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஓடிய காலத்தில் பிள்ளையின் கையை விடாமல் பிடித்திருந்தவர்கள், அதை இன்னொருவர் கையில் கொடுக்க அஞ்சுவார்கள். முதலில் பிள்ளையோடு போய் ஒரு பகல் முழுவதும் அங்கேயே இருந்து பாருங்கள். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், இரவில் யார் பார்க்கிறார்கள், நீங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் மனதுக்குப் பிடிக்காவிட்டால் மறுக்க உங்களுக்கு உரிமையுண்டு.

வலிப்பு வருகிற பிள்ளையைப் பற்றி ஒரு சொல். வலிப்பு மட்டும் பள்ளிக்கூடத்தை நிறுத்தக் காரணமாகாது. ஒழுங்காக மருந்து எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கட்டுப்படும். வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது. வகுப்பில் வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் பயன் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவையும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவருடைய பயமும் குறையும்.

வீட்டிலேயே என்றால்

அப்படியானால் யாருக்கு வீடு? உடல் நலிந்து அடிக்கடி நோயில் விழும் பிள்ளை. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காமல் தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளை. மழைக்காலத்தில் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லாத இடத்தில் இருக்கும் பிள்ளை. இவர்களுக்கு ஒரு தவணையோ ஒரு வருடமோ வீட்டில் கற்பிப்பது நியாயம். அப்போதும் ஒவ்வொரு தவணை முடிவிலும் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சென்ற வருடம் முடியாதது இந்த வருடம் முடியலாம். பிள்ளையும் வளர்கிறது, பாதையும் திருத்தப்படுகிறது, ஆசிரியரும் மாறுகிறார்.

படிப்பிப்பவர் யார் என்பதுதான் பெரிய கேள்வி. அது மூத்த பெண்பிள்ளையாக இருக்கக் கூடாது. அவளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு. எழுத வாசிக்கத் தெரிந்த அம்மம்மாவோ, சித்தியோ, தகப்பனோ யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். தகப்பன் ஏன் கூடாது என்று நாம் கேட்கும்போது பலர் சிரிக்கிறார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகும்போது பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுபோய், வழியில் கண்டதையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுகிற ஒரு தகப்பனை நாம் அறிவோம். அவர் படிப்பித்ததுபோல் யாரும் படிப்பிக்கவில்லை.

நேரம் அதிகம் வேண்டியதில்லை. காலையில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம், தினமும் ஒரே இடத்தில். நடுகையும் அறுவடையும் வரும் நாட்களில் காலை வகுப்பு போகட்டும், பின்னேர வகுப்பை விடவேண்டாம்.

இருத்தும் விதம் முக்கியம். மூளை வாதமுள்ள பிள்ளை சாய்ந்து சரிந்து கிடக்கும்போது கையைப் பயன்படுத்த முடியாது. இடுப்புப் பின்னே ஒட்டியிருக்க, பாதங்கள் பலகையில் ஊன்றியிருக்க, மார்பளவில் ஒரு தட்டு இருந்தால் கை விடுபடும். ஊர்த் தச்சர் செய்யக்கூடிய கதிரைதான். உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட சமுதாயப் பயிற்சிக் கைந்நூல் இத்தகைய வீட்டுப் பயிற்சிகளைப் படங்களுடன் விளக்குகிறது. அதை எழுதியவர்களுள் நம் நாட்டவரான பத்மனி மென்டிசும் ஒருவர். பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இத்தகைய பயிற்சி பற்றியும் உதவிக் கொடுப்பனவு பற்றியும் விசாரியுங்கள்.

மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு வேலையைச் சிறு துண்டுகளாக்கிக் கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். சட்டை போடப் பழக்குவதென்றால் தலையையும் கைகளையும் நீங்களே நுழைத்துவிட்டு, வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது பழகியதும் ஒரு கையை நுழைப்பதையும் விடலாம். தொடக்கத்திலிருந்து பழக்கினால் பிள்ளை பாதியில் தோற்றுவிடும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் தானே முடித்த மகிழ்ச்சி கிடைக்கும். கணக்குக்குப் புளியங்கொட்டை, எழுத்துக்குச் சுளகில் பரப்பிய மணல். பெரிய வெங்காயம் ஒரு கடகத்தில், சிறியது இன்னொரு கடகத்தில் என்று பிரிக்க விடுவதும் பாடம்தான். ஆனால் அதையே நாள் முழுவதும் செய்யவைத்தால் அது கூலியில்லாத வேலை.

வீட்டில் கிடைக்காதது ஒன்று உண்டு. அது மற்றப் பிள்ளைகள். ஆகையால் விளையாட்டு நேரத்துக்காவது, பாடசாலை விழாவுக்காவது பிள்ளையைக் கொண்டுபோங்கள். ஊர்ப் பிள்ளைகள் முதல் நாள் உற்றுப் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் கேள்வி கேட்பார்கள், மூன்றாம் நாள் பந்தை எறிவார்கள்.

மேலே சொன்ன குடும்பத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றர், பாதி வழி மணல். கிழமையில் ஐந்து நாளும் தூக்கிப் போக முடியாது என்று தாய் சொன்னது நியாயமே. அதிபர் முதலில் தயங்கினார். பல முறை பேசிய பின் 2013 தை மாதத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி தகப்பன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். மற்ற இரண்டு நாளும் ஆசிரியை கொடுத்துவிடும் பாடத்தை அப்பம்மா வீட்டில் பார்ப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதக் கை நடுங்கும். பேரனுக்கும் கை நடுங்கும். இருவரும் மணலில் எழுதினார்கள். அக்கா தன்னைவிட இளையவர்களோடு மீண்டும் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் மாதம் வெட்கப்பட்டு இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டாள். தாய்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கிப் பையன் ஐந்து கிழமை வீட்டில் இருந்தான். வெள்ளம் வடிந்ததா என்று ஒவ்வொரு காலையும் அவனே கேட்டானாம். இந்தமுறை அவன் என்ன கேட்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது.